வெற்றுத் தாள்

பார்வை போன அக்காவுக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தை அதன் அடியில் வைத்தால் போதும், படிக்கும். மனசுள்ள இயந்திரங்களின் கதை என்றால் அக்காவுக்கு உயிர்.

“மனுஷங்களைவிட அதுங்க தேவலைடி” என்பாள்.

அன்று மத்தியானம் கதையில் வந்த இயந்திரம், தன்னை அணைக்க வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தேன். கதை முந்தின பக்கத்திலேயே முடிந்திருந்தது. கருவிக்கு அடியில் இருந்தது வெற்றுத் தாள்.

“அக்கா, நிறுத்திடட்டுமா?”

“சும்மா இருடி. நல்ல கட்டம்.”

சத்தம் போடாமல் சுவிட்ச் பக்கம் நகர்ந்தேன்.

கருவி அதே நிதானமான குரலில் வாசித்தது: “தங்கை சத்தம் போடாமல் சுவிட்ச் பக்கம் நகர்ந்தாள்.”

“பாவி! அவளைச் சும்மா விடாதே” என்று அக்கா கருவியைத் தடவிக்கொடுத்தாள்.