சில்லிட்ட பிள்ளை

மகன் கௌதமின் கழுத்தில் கை வைத்த முனீஸ்வரி அலறிவிட்டாள். நேற்றுவரை காய்ச்சலில் கொதித்த உடம்பு சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வந்தபோது, காய்ச்சல் விட்டு உடம்பு சில்லிட்டால்தான் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்தது காதிலேயே நின்றது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணன்கோவிலில் பஸ் ஏறினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பயத்தில் முழங்கால் இரண்டும் வெடவெடத்தன. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

"சிஸ்டர், பிள்ளை ஐஸ் மாதிரி இருக்கான்!"

நர்ஸ் ஷீனா துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டரை அவன் நெற்றிக்கு நேரே பிடித்தாள். "தொண்ணூத்தெட்டு, அக்கா. நார்மல்தான்."

"எட்டத்துல நின்னு காட்டுனா அதுக்கு என்ன தெரியும்?"

ஷீனா இன்னொன்றை எடுத்து அவன் அக்குளில் வைத்தாள். அதுவும் அதையேதான் காட்டியது.

"மிஷினு பொய் சொல்லுது சிஸ்டர். பெத்தவ கைக்குத் தெரியாதா? இந்தா, இப்பவும் சில்லுங்குதே! எம்பிள்ளை என்னைய விட்டுட்டுப் போயிருவானா?" முனீஸ்வரிக்குப் பல் தந்தியடித்தது. பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கௌதம் நெளிந்தான். "விடும்மா!"

"பிள்ளைய இங்க குடுங்க" என்று வாங்கப் போன ஷீனாவின் விரல்கள் முனீஸ்வரியின் கையில் பட்டன. ஷீனா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

தெர்மாமீட்டரைத் துடைத்து, இந்த முறை தாயின் அக்குளில் வைத்தாள்.

நூற்று நான்கு.

"அம்மா கை காலைல இருந்தே சுடுது, அக்கா" என்றான் கௌதம். "விடுன்னா விட மாட்டேங்குது."