பயிற்சி நோட்டின் கடைசிப் பக்கம்

"ஒரே ஒரு பக்கந்தான் வேணும்க்கா. மீதி நோட்டு மொத்தமும் எங்கிட்ட இருக்குது" என்று தீனதயாளன் கெஞ்சினான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரைக்கும் அத்தனை வளைவுகளிலும் பைக்கை ஓட்டிக்கொண்டு அவன் வந்தது அதற்குத்தான். எதிரே நின்ற வளர்மதி, அந்தக் கால ஆணழகன் பிச்சைமுத்துவின் மகள். கல்வராயன் மலையிலிருந்து தனியாளாக இறங்கிப் போய், எழுபத்து நாலில் மாவட்டப் போட்டியில் முதல் பரிசோடு திரும்பியவர் பிச்சைமுத்து. தீனதயாளன் நடத்தும் ஜிம்மில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம்தான் மாட்டியிருக்கிறது. தினமும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஊதுவத்தி.

மூன்று மாதத்துக்கு முன்னால் பழைய பேப்பர் கடையில் அவருடைய நோட்டு அவன் கையில் சிக்கியது. அட்டையில் 'பிச்சைமுத்து, பயிற்சி, 1974' என்று எழுதியிருந்தது. அன்றைக்கே புரோட்டீன் பவுடர் டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிட்டு, நோட்டில் உள்ளபடி நடக்க ஆரம்பித்தான். இதுவரை கண்ட பலன் வயிற்றில் வாயு மட்டும்தான். ஆனாலும் கடைசி வாரத்தில் எல்லாம் கூடி வரும் என்று நம்பினான். அந்தக் கடைசி வாரம் எழுதிய தாளைத்தான் யாரோ கிழித்திருந்தார்கள். அவன் இறங்கப்போகும் ஆணழகன் போட்டிக்கு இன்னும் எட்டே நாள்.

"அந்த நோட்டுல இருக்கறத இப்ப யாரு சார் செய்யறாங்க?" என்றாள் வளர்மதி.

"நாந்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொள்ளு அரைப்படியுமா?"

தினமும் ஊறவைத்து அரைப்படி, நாட்டுக்கோழி முட்டை ஆறு, ஒரு கட்டி வெல்லம் என்று அவன் விரல் விட்டு எண்ணினான். விடியற்காலை ஏரியில் நீச்சல், பிறகு கோமுகி ஆற்று மணலில் ஓட்டம், சாயங்காலம் அரைமணி நேரம் மண்குத்து.

"மண்குத்து எப்படிக் குத்தறீங்க?"

ஜிம்முக்குப் பின்னால் இரண்டு டிராக்டர் செம்மண் கொட்டி மேடு கட்டியிருப்பதையும், நாற்பது பேரை வரிசையாக நிறுத்தி முஷ்டியால் குத்த வைப்பதையும் பெருமையாகச் சொன்னான். நாலு பேருக்கு விரல் வீங்கியதை மட்டும் சொல்லவில்லை. வளர்மதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தக் காலத்து ஆட்களின் கடும்பயிற்சியைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"எங்கப்பா இதெல்லாம் செஞ்சதில்ல சார்" என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள். "தண்டாலு, பஸ்கி, கர்லாக்கட்டை, அவ்ளோதான். சாமைச் சோறும் மொச்சக்கொட்டையும் துன்னாரு. புளி மூட்டை தூக்கிக்கினு மலை எறங்கி ஏறுவாரு. அதுல வந்த ஒடம்புதான்."

தீனதயாளனுக்குச் சிரிப்பு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது. சாமைச் சோற்றில் அப்படி ஒரு தோள் வருமாம். அதையும் ஜிம் நடத்துகிறவனிடமே சொல்கிறாள்.

"மறைக்காதீங்கக்கா. எங்குடும்பமே அந்தப் பக்கத்துலதான் தொங்கிக்கினு இருக்குது."

அது பொய்யில்லை. 'மூன்று மாதம் ஜோடி சேரக் கூடாது' என்று நோட்டில் ஒரு வரி, அடியில் சிவப்புக் கோடு வேறு. அவன் அன்றிரவே பாயைச் சுருட்டிக்கொண்டு ஜிம்முக்குக் குடிபோனான். மனைவி ஜெயசுதா ஒரு மாதம் பொறுத்தாள். அப்புறம் எலவனாசூர்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கப்போடு வந்து கூப்பிட்டால் வருவேன், இல்லையென்றால் அந்தக் கொள்ளையும் நோட்டையும் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துங்கள் என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் இல்லாத வீட்டுக்குப் போகவே அவனுக்கு மனசில்லை. எல்லாவற்றையும் வளர்மதியிடம் ஒளிக்காமல் கொட்டினான்.

கேட்டவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ சார், அதையுமா செஞ்சீங்க?"

"ஒரு எழுத்து மாறாம செஞ்சேன்க்கா."

அவள் எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த பழுப்பேறிய தாளோடு வந்தாள்.

"பின்பக்கம் நான் பொறந்த நாளையும் நேரத்தையும் அப்பா குறிச்சி வெச்சிருக்காரு. அதான் நோட்ட எடைக்குப் போடறப்ப இத மட்டும் கிழிச்சி வெச்சிக்கினேன். முன்பக்கத்த நீங்களே படிச்சிடுங்க. எனக்குச் சொல்ல வாய் வரல."

தீனதயாளன் தாளைக் கண்களில் ஒற்றிக்கொண்டான். வாய்விட்டுப் படித்தான்.

"'கடைசி வாரம் ஓட்டம் வேண்டாம். நல்ல ஓய்வு கொடுக்க வேண்டும்.'"

இது புத்தியுள்ள பேச்சு என்று தலையை ஆட்டினான்.

"'ஐந்தாம் நாள் வெந்நீரில் குளியல். உடம்பு முழுக்க எண்ணெய் தடவி மினுமினுவென்று ஆக்க வேண்டும்.'"

மேடை ஏறும் ஆணழகர்கள் இன்றைக்கும் செய்வது அதுதானே. ஜெயசுதா பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. வளர்மதி அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அவன் அடுத்த வரிக்குப் போனான்.

"'ஆறாம் நாள் கொம்பு சீவ வேண்டும். மூக்கணாங்கயிறு பழசாகிவிட்டது, புதுசு மாற்ற வேண்டும்.'"

தீனதயாளனின் கை தானாக மூக்குக்குப் போனது.