சம்பந்தியின் சந்தேகம்

சம்பந்தி சண்டைக்கு வந்திருக்கிறாரா, சமாதானத்துக்கு வந்திருக்கிறாரா என்பதை அவர் செருப்பைக் கழற்றிவிடும் விதத்திலேயே கண்டுபிடிக்க உங்களால் முடியுமா? தையல்காரரால் முடியும். அன்று மாலை மட்டும் முடியவில்லை. சம்பந்தியான குழாய்க்காரரின் ஒரு செருப்பு கடைக்குள்ளே பார்த்துக் கிடந்தது, இன்னொன்று தெருவைப் பார்த்து.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. பாத்து, ஊசி கிடக்கும்!"

மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது பேத்தியின் ஞானஸ்நான உடுப்பு. வெள்ளைச் சாட்டின், கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. மறுநாள் காலை கோயிலில் ஃபாதர் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றப்போகிறார்.

"கைக்குழந்தைக்கு என்னங்க தெரியும்? வளர்ந்து, தானா நம்பி, ஆத்துல முங்கி எழுந்தாத்தான் ஞானஸ்நானம். நான் வரமாட்டேன்" என்று பேத்தி பிறந்த அன்றே சொல்லிவிட்டவர் குழாய்க்காரர். அவர் வேறு சபை. "அப்பா வராம நானும் வரமாட்டேன், குழந்தையும் வராது" என்று அவர் மகள், அதாவது தையல்காரரின் மருமகள், நேற்றிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். இந்த மனிதரை எப்படியாவது கோயில் படி ஏற வைக்க வேண்டும். தையல்காரருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

"ஃபாதர் ஊத்தற தண்ணிக்கு ஏன் சம்பந்தி இப்படிப் பதறுறீங்க? போன மாசம் நீங்க ஊத்தினதுல பாதிகூட இருக்காது" என்று சீண்டினார்.

குழாய்க்காரர் சிரிக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று வீட்டில் இவர் மட்டும்தான் இருந்தார். தலை சொட்டச் சொட்ட நனைந்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரை, வலிப்புக்குத் தண்ணியா ஊத்துவாங்க என்று நர்ஸ் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அதிலிருந்து குடும்பத்தில் அது நிரந்தரக் கேலி.

"ஒரு சந்தேகம்" என்றார், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"கேளுங்க."

"உங்க சபையில சடங்கு, அதான் தேவதிரவிய அனுமானம், ஏழாமே? எங்களுக்கு ரெண்டே போதுது."

"நீங்க சட்டை, பேன்ட்டோட நிறுத்திட்டீங்க. நாங்க பொறந்ததுலேருந்து பெட்டியில படுக்குறவரைக்கும் அளவெடுத்து வெச்சிருக்கோம். பொறந்தா கழுவ ஒண்ணு, ஊட்ட ஒண்ணு, தப்பு பண்ணினா மன்னிக்க ஒண்ணு, சீக்குல படுத்தா எண்ணெய் பூச ஒண்ணு..."

"கல்யாணமும் அதுல ஒண்ணா?"

"ஆமா. அதுக்கப்புறம்தான் மன்னிப்பே நிறையத் தேவைப்படுது."

உள்ளே சமையலறையில் ஒரு பாத்திரம் 'ணங்'கென்றது. தையல்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதை விடுங்க. ஞானஸ்நானத்துக்கு வருவோம். ஃபாதர் பக்கத்துல இல்ல. குழந்தை உசுருக்கு ஆபத்து. அப்போ?" என்றார் குழாய்க்காரர்.

எங்கே ஒழுகுகிறது என்று தட்டித் தட்டிப் பார்ப்பது அவர் தொழில். தையல்காரர் உஷாரானார்.

"யார் வேணா ஊத்தலாம்."

"யார் வேணான்னா, பொம்பளைங்க?"

"தாராளமா."

"கத்தோலிக்கர் இல்லாத ஆளு?"

"ஊத்தலாம்."

"இதெல்லாம் வீண் வேலைன்னு ஊர்பூரா சொல்லிட்டுத் திரியிற ஆளு?"

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "அவன் எதுக்கு ஊத்தப்போறான்?"

"குழந்தையோட ஆளுங்க நம்புறாங்களேன்னு ஊத்துறான்னு வெச்சுக்குங்களேன்."

"செல்லும். பித்தளைக் குழாயா, பிளாஸ்டிக் குழாயான்னு தண்ணி பாக்குதா? தண்ணி வர்றது மேல தொட்டியிலேருந்து. ஊத்தறவன் வெறும் குழாய். திருச்சபை செய்யறதைத்தான் நானும் செய்யறேன்னு அவன் மனசுல இருந்தாப் போதும்."

"என் தொழிலை வெச்சே என்னை மடக்குறீங்க. சரி, ஜெபம் பண்ணின தண்ணியா இருக்கணுமா?"

"சமையக்கட்டுத் தண்ணியே போதும். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு சொல்லி ஊத்தணும்."

"அவசரத்துல, பழக்க தோஷத்துல, பிதா, குமாரன்னு சொல்லிட்டா?"

"சுதன்னா என்ன, குமாரன்னா என்ன? ஒரே பிள்ளைதானே!"

குழாய்க்காரர் பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். "அப்புறம் குழந்தை பொழைச்சுக்கிச்சு. ஃபாதர் இன்னொருவாட்டி ஊத்துவாரா?"

"மாட்டார். வெட்டின துணிய மறுபடி வெட்ட முடியுமா? ஞானஸ்நானம் ஒருவாட்டிதான். எண்ணெய் பூசுவார், வெள்ளை உடுப்பு போடுவார், மெழுகுவத்தி கொடுப்பார். தண்ணி மட்டும் கிடையாது."

கேள்வி தீர்ந்துபோனது. தையல்காரருக்கு ஒரே பெருமை. சம்பந்தியிடம் ஒரு வசனம்கூட மிச்சமில்லையே!

குழாய்க்காரர் எழுந்தார். இரண்டு செருப்பையும் ஒரே திசைக்குத் திருப்பி மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு வர்றேன் சம்பந்தி."

"நெசமாவா! மனசு மாறிட்டீங்களா?"

"அதெல்லாம் மாறல. கைக்குழந்தைக்குக் கூடாதுன்னுதான் இப்பவும் சொல்றேன்." பையைத் தோளில் மாட்டினார். "போற வழியில உங்க ஃபாதரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

மறுநாள் காலை கோயிலில் குழாய்க்காரர் குழந்தையை ஏந்தி நின்றார். ஃபாதர் எண்ணெய் பூசினார், வெள்ளை உடுப்பை அணிவித்தார், மெழுகுவத்தி ஏற்றிக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றவில்லை.