மேலிருந்து பார்த்தால்

"டேய், சிவப்பைக் குறை. மரமெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி இருக்கு."

போனில் அக்காவின் அதட்டல். தரையில் மண்டியிட்டிருந்த தம்பி சிவப்புச் சாக்பீஸைக் கீழே வைத்தான். பூங்காவின் பழைய மணிக்கூண்டில் ஏறி நின்று பார்த்துச் சொல்கிறேன் என்று காலையிலேயே போனவள் அவள். தரையில் வரைந்த படங்களை நடுவர்களும் அங்கிருந்துதான் பார்ப்பார்கள்.

இலையுதிர்காலப் பூங்காவை இம்ப்ரெஷனிச பாணியில் வரைய வேண்டும், அதுதான் போட்டி. கிட்டே பார்த்தால் வெறும் புள்ளியும் தீற்றலும்தான். தள்ளி நின்றால்தான் மரம் மரமாகத் தெரியும். ஜெயித்தால் பூங்காவின் மதில் முழுக்க வரையும் வேலை கிடைக்கும். தோற்றால் பழையபடி வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதப் போக வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாகிவிட்டது. இடம் விடாமல் அப்பி வைத்ததால்தான் தோற்றான் என்பது அக்காவின் கட்சி.

அக்கா விடாமல் விரட்டினாள். மஞ்சள் போதவில்லை என்றாள். பாதைக்கு ஏன் நம்பர் பிளேட் மாதிரி ஓரம் கட்டுகிறாய், விரலால் கலைத்துவிடு என்றாள். சொன்னதையெல்லாம் செய்தான். மேலே நிற்பவளுக்குத்தானே தெரியும்.

குளம் மட்டும் பாதி வெறும் தரையாகக் கிடந்தது. நீலத்தை எடுத்தான்.

"அக்கா, குளத்தை மட்டும் நிரப்பிடறேன்."

"கையை எடுடா. இன்னும் ஒரு புள்ளி வெச்சே, இறங்கி வந்து முதுகுல ரெண்டு வைப்பேன். போதும், எழுந்திரு."

மனசே இல்லாமல் எழுந்தான்.

நடுவர்கள் மணிக்கூண்டில் ஏறினார்கள், இறங்கினார்கள். மைக்கில் முடிவைச் சொன்னபோது தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பரிசு அவனுக்குத்தான். குளத்தில் சாக்பீஸே படாத அந்த வெறும் தரைதான் வெயில் பட்ட தண்ணீராக மின்னுகிறது என்று தலைமை நடுவர் வாயாரப் புகழ்ந்தார்.

அக்காவிடம் சொல்ல அவன் மணிக்கூண்டுக்கு ஓடினான். காவலாளி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பூட்டாதீங்கண்ணே, எங்கக்கா மேல இருக்காங்க."

"மேலயா? நடுவருங்க வந்தப்பதான் இன்னிக்கு முதல் தடவையா கதவையே திறந்தேன்" என்றார் காவலாளி. "கூண்டுக்குப் பின்னால, சுவரைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டு, காலையிலேர்ந்து போன்ல தம்பியை விரட்டிக்கிட்டே இருந்தாங்களே ஒரு அம்மா, அவங்களா?"