மூச்சுள்ள மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்தவன், சாம்பிராணிப் புகைக்கு இருமி, நீல இன்ஹேலரை உறிஞ்சினான். தரகர் வாய் திறப்பதற்குள் அவனை விரட்டிவிட்டார் நல்லசாமி.

"இழுப்புக்காரனுக்கா என் மக? புக்கிட் பெலிம்பிங் மலையைத் தாண்டறதுக்குள்ள மூச்சு நின்னுடும் லா!"

மகள் லோகேஸ்வரி போன மாத சைக்கிள் பந்தயத்தை டிவியில் போட்டாள். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவன் மலைமேல் எல்லாரையும் முந்திக்கொண்டிருந்தான்.

"இவன் ஆம்பளை! நெஞ்சா அது? கொல்லன் துருத்தி! இப்படி ஒருத்தன் வரட்டும், நாளைக்கே தாலி கட்டச் சொல்றேன்."

ஜெயித்தவன் சைக்கிளை விட்டு இறங்கிக் கண்ணாடியைக் கழற்றினான். அதே முகம். பந்தயப் பனியனின் முதுகுப்பக்கப் பையில் கைவிட்டு, அதே நீல இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினான்.

மாப்பிள்ளை குடிக்காமல் விட்டுப்போன டீயை எடுத்துக்கொண்டே லோகேஸ்வரி சொன்னாள்:

"இவரையும் வெரட்டி விட்டுடுங்கப்பா."