கறைபடாத துணி

பழைய ஃபியட்டின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த கோபால் நிமிரவே இல்லை. "டிஸ்ட்ரிபியூட்டர்ல ஆயில் லீக் ஆவுது கண்ணு. தொடைச்சிட்டா கெளம்பிடும்."

கல்யாணப் புடவையில் நின்ற நளினிக்குப் பொறுமை போய்விட்டது. கோலார் ரிஜிஸ்டர் ஆபீசில் மஞ்சுநாத் காத்திருப்பான்.

"பஸ்ல போயிடலாம்பா."

"கொஞ்சம் இரும்மா."

மெக்கானிக் மஞ்சுநாத்தின் பெயரை எடுத்தாலே மூன்று வருஷமாக எழுந்து போன அப்பா, போன மாதம் திடீரென்று சம்மதித்தபோதே அவளுக்குச் சந்தேகம்தான். அப்பாவின் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் பார்த்தாள். அதில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கினாள். உள்ளே சுழல வேண்டிய ரோட்டாரையே காணோம். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. திருட்டுக்குப் பயந்து ராத்திரியில் அதைக் கழற்றி வைப்பது அப்பாவின் வழக்கம்.

"இன்னாப்பா இது? எங்க ஒளிச்சி வெச்ச? சரின்னு சொல்லி, நம்ப வெச்சி கழுத்த அறுத்துட்டியே."

கோபால் பானெட்டை மெல்லச் சாத்தினார்.

"நேத்து நீ மருதாணி வெச்சிக்கப் போனப்ப மாப்ள வந்தாரு. வண்டிய நானே பாத்துத் தர்றேன்னு தொறந்தாரு. லீக் எதுவும் இல்ல, ரோட்டார்தான் தேஞ்சிருக்கு, காலைல புதுசு கொண்டாந்து போடறேன்னு கழட்டி எடுத்துனு போனாரு."

நளினி போனை எடுத்தாள்.

"வேணாம்மா. விடிஞ்சதுலருந்து அவரு போன் ஸ்விட்ச் ஆஃப்" என்றார் கோபால். "எப்படியும் வந்துடுவாருன்னுதான் தொடைச்சிக்கினே இருந்தேன்."