கைமாறிய விரதம்

ஊசியைத் தூக்கிப் பிடித்து, அதில் நின்ற காற்றுக் குமிழை வெளியேற்றிக்கொண்டே கேட்டாள் மார்கிரட்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க மிஸ்ஸி."

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. மூன்று நாள் பட்டினி கிடந்தவரும் 'ஆச்சுங்க' என்றுதான் சொல்வார். இல்லை என்று சொன்னால் சோறு கேட்ட மாதிரி ஆகிவிடுமே!

அதனால் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் மார்கிரட் எப்போதும் இன்னொரு கேள்வியும் கையில் வைத்திருப்பாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"பாணும் பருப்பும்ங்க" என்றாள் காளியாயி, கொஞ்சமும் யோசிக்காமல்.

விடிய விடியப் பெய்த ஆடி மழையில் பாதை சரிந்து, ரொட்டி கொண்டுவரும் பாண் லொறி வரவே இல்லை. அன்று காலை வாட்டில் படுத்திருந்த எல்லோருக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்கு.

அடுத்த கட்டில் வேலாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடியே, பொய் சொல்றவ தட்டையாவது எட்டிப் பாத்துட்டுச் சொல்லக் கூடாதா? ஒன் கெழங்கும் என் வயித்துலதாங்க மிஸ்ஸி கெடக்கு!"

மார்கிரட் ஊசியைத் தட்டில் வைத்துத் துணியால் மூடினாள்.

அதில் இருந்தது இன்சுலின். வெறும் வயிற்றில் அது இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், கண் சொருகும். பிறகு எழுப்பினாலும் எழும்பாத தூக்கம்.

போடாமலும் விட முடியாது. காலையில் நீல மருந்தில் காளியாயியின் சிறுநீரை விட்டுக் காய்ச்சியபோது சர்க்கரை ஏறிப்போய் அது செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. காலில் இருந்த புண் மூன்று வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் ஓரம் காய்கிறது. மறுபடி சீழ் வைத்தால் கண்டிக்கு அனுப்பிக் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள் மார்கிரட்.

"என்ன வெரதம்?"

காளியாயி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆடி வெள்ளிங்க. மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டேன். வெளக்கு வைக்கிற வரைக்கும் பல்லுல எதுவும் படக் கூடாது."

"எதுக்காக?"

"வெளிய சொன்னா பலிக்காதுங்க."

அதட்டி ஊட்டிவிடலாம். இன்று ஊட்டலாம், அடுத்த வெள்ளி இன்னும் கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்வாளே, என்ன செய்வது?

"ஒருத்தர் நேந்த வெரதத்த வேற ஆள் இருந்து குடுக்கலாமா?"

"ஒடம்புக்கு முடியலன்னா வூட்டு ஆளுக இருப்பாங்கங்க."

"சரி, நான் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க."

வேலாயிதான் கேட்டாள், "மாதா கோயிலுக்குப் போற வேதக்கார அம்மா இருந்தா ஆத்தா ஏத்துக்குவாளா?"

காளியாயி குனிந்திருந்த தலையை நிமிர்த்தினாள். பிறகு, "ஆத்தா என்ன தோட்டத்து ஆபீசு மாதிரி செக்ரோல் புத்தகமா வச்சிருக்கா, பேரு பாத்துப் பாத்துக் கூப்புட?" என்றாள்.

மார்கிரட் பார்த்துக்கொண்டிருக்கவே சமையலறையிலிருந்து வந்த மூன்று துண்டு கிழங்கும் சீனி போடாத ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் உள்ளே போயின. அதன்பிறகுதான் ஊசி. எத்தனை மணிக்கு, எத்தனை அலகு, என்ன சாப்பிட்டாள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். பத்து மணிக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்வை இல்லை. பன்னிரண்டுக்கும் இல்லை.

மத்தியானம் சமையல்கார அழகன் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தான். வாசனை நெஞ்சுவரை இறங்கியது. எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். வயிறு காய்ந்தாலும், ஏனோ, கை அன்றைக்கு அத்தனை லேசாகக் கட்டுப் போட்டது.

நாலு மணிக்குச் சர்க்கரை இறங்கி, நீல மருந்து பச்சையோடு நின்றுகொண்டது. மார்கிரட்டுக்குச் சிரிப்பு வந்தது.

விளக்கு வைக்கும் நேரம் கோயில் மணி கேட்டதும், காளியாயி ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள்.

"பட்டினி இருந்தவங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்க. ஒங்களுக்கு மாத்தல் வந்துரக் கூடாதுன்னுதான் நேந்துக்கிட்டோம். மேட்டு லயத்து வீடுகள்ல இருக்கிற பொம்பளைங்க ஆளுக்கொரு வெள்ளி. இன்னைக்கு என் மொறை."

மார்கிரட்டின் கையில் பழம் பாதி உரிந்தபடி நின்றது.

"யாரோ மேலெடத்துக்கு எழுதிப் போட்டுட்டாங்களாம் மிஸ்ஸி, ஒங்களக் கண்டிக்கு அனுப்பச் சொல்லி. எந்தப் பாவி எழுதுனானோ, அவன் கை வெளங்காமப் போக!"

"ஐயோ, அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க" என்றாள் மார்கிரட் அவசரமாக.

எழுதியது அவள்தான். இந்த மழையும் குளிரும் போதும் என்று, நாலு பக்கம், மூன்று தரம் திருத்தி, போன மாதம் தானே தபாலில் போட்ட கடிதம்.

பழத்தைத் தின்று முடித்தாள். பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த வெள்ளி யார் மொறை?"

"வீரம்மாங்க."

"அவ பால் குடுக்கிற புள்ளக்காரி, பட்டினி கெடக்கக் கூடாது" என்றாள் மார்கிரட். "அதையும் நானே இருக்கேன்."